ஒரே ஒரு கைப்பிடி

இது நடந்தது பட்டப்பகல்ல. அதை முதல்லயே சொல்லிடுறேன். பேய்க்கு ராத்திரிதான் வேணும்னு யாரோ கெளப்பி விட்டிருக்காங்க. நான் குடிச்சிருக்கல, தூக்கக் கலக்கத்துலயும் இல்ல. நம்பாதவங்க மத்தான்சாஸுக்கு வந்து, என் கொட்டகையில நிக்கிற வண்டியோட வலது பின்கதவைத் தொட்டுப் பாருங்க. உள்ள ஏறி உக்காந்து பாருங்கன்னு மட்டும் நான் சொல்ல மாட்டேன்.

என் பேர் நெரெய்தா. ஐம்பத்தொண்ணாம் வருஷத்து பிளைமவுத் வண்டி என்னுது. மத்தான்சாஸுக்கும் கார்தெனாஸுக்கும் நடுவுல ஷேர் டாக்ஸியா ஓட்டுறேன். ரிப்பேரும் நானேதான். மேல்கூடுதான் அமெரிக்கா. எஞ்சின் ரஷ்ய ஜீப்போடது, பிரேக் லாடா காரோடது, ஹாரன் எதோடதுன்னு எனக்கே மறந்துபோச்சு. கியூபாவுல எங்க வண்டிங்க எல்லாமே இப்படித்தான். செத்த வண்டியைப் பிரிச்சு உயிரோட இருக்குறதுக்குப் போட்டுக்குவோம். அதுல என்ன வெட்கம்?

கதவுக் கண்ணாடியை ஏத்தி இறக்கத் திருப்புற கைப்பிடி இருக்கே, அது வண்டி முழுசுக்கும் எங்ககிட்ட ஒண்ணே ஒண்ணுதான் இருக்கும். மத்ததெல்லாம் எந்தக் காலத்துலயோ உடைஞ்சு போச்சு. அந்த ஒண்ணு டிரைவர் பாக்கெட்ல இருக்கும். காத்து வேணும்னா பின்னாடி இருக்குறவங்க, "கைப்பிடி குடுங்க"ன்னு கேப்பாங்க. தோளுக்கு மேல நீட்டினா வாங்கி, கதவுல நீட்டிக்கிட்டிருக்குற இரும்பு முளையில மாட்டித் திருப்பிட்டு, திரும்பக் குடுத்துடுவாங்க. பின்கதவைத் திறக்க உள்பக்கம் பிடியும் கிடையாது. குழந்தைங்க ஓடும்போதே திறந்துடும்னு பயம். நான்தான் இறங்கிப் போய் வெளியிலேருந்து திறந்துவிடுவேன்.

போன மழைக்காலத்துல என் வலது பின்கதவு உப்புக்காத்துல அரிச்சு, தொட்டா உதிர ஆரம்பிச்சுடுச்சு. என் பொண்ணு லிசெத்துக்கு ஏழு வயசு. ஸ்கூல் விட்டதும் அந்தப் பக்கம்தான் சுருண்டு தூங்கிக்கிட்டு என்கூட வருவா. அவ அப்பா எங்களை விட்டுட்டுக் கடல் தாண்டிப் போய் ரொம்ப நாள் ஆச்சு. எனக்குன்னு இருக்குறது அவ ஒருத்திதான். அதனால கதவு ஒண்ணு வேணும்னு ஊரெல்லாம் சொல்லி வெச்சேன்.

கொண்டுவந்தவர் ஃபெர்மீன். கார்தெனாஸ்ல பழைய சாமான் விக்கிறவர். சாமான் வாங்க நானும் லிசெத்தும் அவர் வீட்டுக்குப் போறது உண்டு. எந்நேரமும் இடது கையைப் பாக்கெட்டுக்குள்ளயே வெச்சிருப்பார். அன்னிக்கும் கதவைச் சாக்குல சுத்தி, வேற ஆளை விட்டுத்தான் தூக்கிட்டு வரச் சொன்னார்.

"எந்த வண்டியோடதுண்ணே இது?"

"கதவுக்குப் பூர்வீகம் கேக்குறியா? வேணும்னா மாட்டு, வேணாம்னா கோழிக்கூண்டுக்கு வெச்சுக்க."

"நல்லா கேட்டேன் பாரு உங்களை!"

சிரிப்பு வரும்னு பாத்தேன். அவர் சிரிக்கல. பழைய கார்புரேட்டர் ஒண்ணை மாத்தா வாங்கிக்கிட்டு, கதவைத் திரும்பிக்கூடப் பாக்காமப் போயிட்டார்.

உள்தகட்டைக் கழட்டினேன். ஆத்து மண்ணு கொட்டுச்சு. கூடவே பொடிப்பொடியா சிப்பி. தண்ணியில கிடந்த வண்டி போலன்னு நினைச்சேன். புயலடிக்கிற ஊர்ல அது பெரிய அதிசயம் இல்ல. ஆனா அந்த இரும்பு முளையைப் பாத்ததும் கை நின்னுடுச்சு. அதைச் சுத்தி ஒரு ஹேர்பின்னை முறுக்கி, வளைச்சு, யாரோ இறுக்கிக் கட்டியிருந்தாங்க. சுத்தியிருந்த தகடெல்லாம் சின்னச் சின்னக் கீறல். எலி வேலைன்னு என்னையே சமாதானம் பண்ணிக்கிட்டு, பின்னை வெட்டி எறிஞ்சேன். கதவை மாட்டிப் பச்சை பெயிண்ட் அடிச்சேன். கச்சிதமா உக்காந்துடுச்சு.

அதுக்கப்புறம்தான் சின்னச் சின்னதா ஆரம்பிச்சுது. அந்தக் கண்ணாடி மட்டும் எப்பவும் உள்பக்கம் வேர்த்திருக்கும். அந்த ஓரத்துல உக்காருறவங்க மூச்சு முட்டுதுன்னு சொல்லுவாங்க. தினமும் வர்ற நர்ஸம்மா ஒருத்தங்க, பாதி வழியில வேற சீட்டுக்கு மாறிக்கிட்டாங்க. "உன் வண்டி நாறுதுடி, ஆத்துச் சேறு மாதிரி"ன்னு மூஞ்சியைச் சுளிச்சாங்க. எனக்குக் கோபம் வந்துச்சு. தினம் கழுவுற வண்டி!

கைப்பிடியும் ஈரமாத் திரும்பி வரும். வெயில் நாள்லகூட...

இன்னொண்ணும் உண்டு. வண்டி தினமும் ஒரே இடத்துல சூடேற ஆரம்பிச்சுது. ஆத்தோரமா, படகு இறக்குற சரிவு ஒண்ணு இருக்கு. சரியா அங்கதான் ரேடியேட்டர் கொதிக்கும். ரேடியேட்டரைப் பிரிச்சேன், பம்பை மாத்தினேன். ஒண்ணும் வேலைக்கு ஆகல. சரி, பக்கத்துலயே தண்ணி இருக்கே, நல்லதுதான்னு விட்டுட்டேன். நல்லதாம்! என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்.

அன்னிக்கு மத்தியானம் கார்தெனாஸ்லேருந்து காலி வண்டியாத் திரும்பிக்கிட்டிருந்தேன். மழை பிடிச்சுக்கிச்சு. எல்லாக் கண்ணாடியும் ஏத்தியிருந்துச்சு. லிசெத் பின்னாடி தூங்கிட்டா.

"கைப்பிடி குடுங்க."

பழக்க தோஷம். தோளுக்கு மேல நீட்டிட்டேன். வாங்குன விரல் சில்லுன்னு இருந்துச்சு.

"என்ன கண்ணு, குளுருதா?"

முறுக்குற சத்தம் மட்டும் கேட்டுச்சு. க்ரக்... க்ரக்... திரும்பிப் பாத்தேன். லிசெத் வாயைத் திறந்துக்கிட்டு நல்லாத் தூங்குறா. கண்ணாடி இறங்கல. கைப்பிடி சீட்ல, அவளுக்கு எட்டாத தூரத்துல கிடந்துச்சு. அதுலேருந்து தண்ணி சொட்டிக்கிட்டிருந்துச்சு.

எட்டி எடுத்துப் பாக்கெட்ல போட்டுக்கிட்டேன். வீட்டுக்குப் போயிடணும், அவ்வளவுதான். அப்பத்தான் ரேடியேட்டர் புஸ்ஸுன்னு ஆவி விட்டுச்சு.

அதே சரிவு.

வேற வழியில்ல. சக்கரத்துக்கு முன்னாடி கல்லு வெச்சேன். கதவைச் சாத்தினேன். தகர டப்பாவை எடுத்துக்கிட்டு ஆத்துக்கு இறங்கினேன். மழையில கரை வழுக்குச்சு. குனிஞ்சு தண்ணி மொண்டேன்.

பின்னாடி கரகரன்னு சத்தம்.

கல்லு நழுவிடுச்சு. வண்டி என்னைத் தாண்டி, மெதுவா, ரொம்ப மெதுவா ஆத்துக்குள்ள இறங்குது...

"லிசெத்!"

ஓடினேன். வண்டியோட மூக்கு முதல்ல முங்குச்சு. தண்ணி என் இடுப்பு வரைக்கும், அப்புறம் நெஞ்சு வரைக்கும். முன்கதவு முழுசா உள்ள போயிடுச்சு. பின்கதவுப் பிடியை வெளியிலேருந்து இழுக்குறேன். தண்ணி அழுத்துது. அசையல.

உள்ள என் பொண்ணு முழிச்சுக்கிட்டா. கண்ணாடியில ரெண்டு கையும் வெச்சு அழறா. சத்தம் கேக்கல. வாய் மட்டும் தெரியுது. அம்மா... அம்மா...

அப்பத்தான் தொடையில குத்துச்சு.

கைப்பிடி. என் பாக்கெட்ல.

அடிப்பாவி! என்னை நானே அப்படித்தான் திட்டிக்கிட்டேன். அதாலயே கண்ணாடியை அடிச்சேன். உடையல.

க்ரக்...

நின்னுட்டேன்.

க்ரக்... க்ரக்...

கண்ணாடி இறங்குச்சு.

உள்ளேருந்து.

தலை வந்ததும் முடியைப் பிடிச்சு இழுத்தேன், தோளைப் பிடிச்சு இழுத்தேன். யாரோ பின்னாடியிலேருந்து அவளைத் தள்ளினாங்க. சத்தியமாத் தள்ளினாங்க.

கரையில போட்டு முதுகைத் தட்டினேன். இருமினா. உயிர் இருந்துச்சு. கட்டிக்கிட்டு ஓன்னு அழுதேன்.

"அந்த அக்கா இறக்கி விட்டாங்கம்மா."

"எந்த அக்கா?"

"கைப்பிடி இல்லாம, விரலாலயே திருப்பினாங்க. விரலெல்லாம் ரத்தம்மா. அவங்க ஏன் வெளிய வரல?"

மறுநாள் டிராக்டர் வெச்சு வண்டியை இழுத்தாங்க. அந்தக் கண்ணாடி மேல வரைக்கும் ஏறியிருந்துச்சு. முளையில முறுக்குன ஹேர்பின். நான் வெட்டி எறிஞ்சேனே, அதே ஹேர்பின்.

விஷயம் தெரிஞ்சு ஃபெர்மீன் வந்தார். கதவைப் பாத்ததும் தரையில உக்காந்துட்டார்.

"என் அக்கா பொண்ணு யமிலே. நான்தான் ஓட்டுனேன். இதே சரிவுதான். நான் வெளிய நீந்தி வந்துட்டேன்."

"திரும்பப் போகலையா?"

"நீச்சல் தெரியும். ஆனா பயம், நெரெய்தா. கரையில நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன். அவ கேட்டுக்கிட்டே இருந்தா."

"என்ன கேட்டா?"

பாக்கெட்லேருந்து இடது கையை வெளிய எடுத்தார். உள்ளங்கையில ஒரு பழைய கைப்பிடி. இத்தனை வருஷமா அதைத்தான் பிடிச்சுக்கிட்டிருந்திருக்கார். என் வாயில வந்ததெல்லாம் சொல்லித் திட்டினேன். கதவை என் தலையில கட்டுனதுக்கும் சேத்துத் திட்டினேன். தலையைக் குனிஞ்சு கேட்டுக்கிட்டார். கைப்பிடியை என் கையில வெச்சுட்டுப் போயிட்டார்.

அன்னிக்குச் சாயங்காலமே அந்தக் கதவுல அதை மாட்டினேன், கழட்ட முடியாதபடி. என் பொண்ணைக் காப்பாத்தினவளுக்கு நான் வேற என்ன செய்ய முடியும்? "இந்தாம்மா, இனி உன் இஷ்டம்"னு சொன்னேன்.

காலையில பாத்தேன். கண்ணாடி முழுசா இறங்கியிருந்துச்சு. சீட்டு ஈரம். ஆத்து வாடையே இல்ல. மனசு லேசாச்சு. வீட்டுக்குள்ள போய் ரொட்டியும் காபியும் எடுத்து வெச்சேன்.

லிசெத் சாப்பிட்டுக்கிட்டே சொன்னா, "அக்கா வெளிய வந்துட்டாங்கம்மா. ஃபெர்மீன் மாமா வீட்டுக்கு வழி கேட்டாங்க."

"நீ... என்ன சொன்னே?"

"சொல்லிட்டேன். சர்ச்சுக்குப் பின்னாடி, நீலக் கதவுன்னு."

போன் பண்ணினேன். எடுக்கல. கெடைச்ச வண்டியில ஏறிக் கார்தெனாஸுக்கு ஓடினேன். நீலக் கதவு உள்பக்கம் தாழ் போட்டிருந்துச்சு. ஜன்னலெல்லாம் சாத்தியிருந்துச்சு. பக்கத்து வீட்டு ஆம்பளைங்க உடைச்சுத் திறந்தாங்க.

ஜன்னலுக்குக் கீழ கிடந்தார். மாரடைப்புன்னு டாக்டர் சொன்னார். இருக்கலாம். ஆனா அவர் சட்டை தொப்பலா நனைஞ்சிருந்துச்சு. ஜன்னல் கட்டை பூராவும் கீறல். ரெண்டு கையிலயும் ஒரு நகம்கூட மிச்சமில்ல.

லிசெத்துகிட்ட இதை நான் சொல்லல. அவளா ஒருநாள் கேட்டா, "அக்கா மாமாவைப் பாத்தாங்களாம்மா?"ன்னு.

"பாத்தாங்க கண்ணு"ன்னு சொன்னேன். வேற என்னத்தைச் சொல்ல?