இடப்பக்கத்துத் தீக்குச்சி

எலெயுத்தேரியோ வில்தேவின் வாயிலிருந்து ஒரு சொல் வாங்குவதற்குள் பனி உருகிவிடும் என்று எங்கள் தளத்தில் கேலி செய்வார்கள். அர்ஜென்டினாவின் வடகோடி மேட்டில் லாமா மேய்த்து வளர்ந்தவன். அங்கேயும் பேச ஆளில்லை. ராணுவத்தில் சேர்ந்து அந்தார்க்டிகாவுக்கு வந்தான், இங்கே அதைவிடக் குறைச்சல். சறுக்குவண்டி நாய்களோடு அவனுக்குக் காலம் ஓடியது.

அவனுக்கு ஜோடியாக வாய்த்தவன் பௌதிலியோ. கொரியெந்தெஸ் சதுப்பு நிலத்துக்காரன், ஓயாத வாய். ஒருவன் பேசவே மாட்டான், மற்றவன் நிறுத்தவே மாட்டான், ஜாடிக்கேற்ற மூடி. குளிர்காலத்தில் கடல் உறைந்து கப்பல் வராமல் போனபின், வண்டியை எடுத்துக்கொண்டு இருவரும்தான் வெளியே திரிவார்கள்.

பனியாற்றைக் கடந்தால் அந்தப் பக்கம் ஒரு தகரக் குடில் உண்டு. புயலில் மாட்டியவன் ஒதுங்குவதற்காகக் கட்டியது. யார் அதில் தங்கினாலும், கிளம்பும்போது அடுத்து வருகிறவனுக்காக அடுப்பை அடுக்கிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். கீழே சிராய், மேலே சுள்ளி, அதற்கும் மேலே கரி. வலப்பக்கப் பலகையில் தீப்பெட்டி, அதில் ஒரு குச்சி பாதி வெளியே நீட்டியபடி. விரல் மரத்துப்போய் வருகிறவன் பெட்டியைத் திறந்து குச்சி பொறுக்கிக்கொண்டிருக்க முடியாது.

ஒரு குளிர்காலத்தில் கையுறை நனைந்து எலெயுத்தேரியோவின் வலது கையில் மூன்று விரல் கறுத்துப்போயின. தளத்து வைத்தியர் அவற்றை எடுத்துவிட்டார். எல்லோரும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றபோது பௌதிலியோதான் வாயைத் திறந்தான்.

"விரல் போனா என்னடா? நாக்கு முழுசா இருந்தும் நீ என்னத்தக் கிழிச்ச?"

எலெயுத்தேரியோ அன்று சிரித்தான். சிரிக்க வைக்க வேறு யாராலும் முடிந்திருக்காது.

அவன் கை ஆறுவதற்குள், பௌதிலியோ, தளத்தில் இருந்த ஃபெரேய்ரா என்பவனைக் கூட்டிக்கொண்டு குடிலுக்குப் போய்வரக் கிளம்பினான். திரும்பும் வழியில் பனியாற்றின் வெடிப்பை மூடியிருந்த பனி, பௌதிலியோவின் காலடியில் இற்றுவிட்டது. ஃபெரேய்ரா மட்டும் வந்து சேர்ந்தான். தேடப் போனவர்களுக்கு அந்த ஆழத்தில் எதுவும் தெரியவில்லை. பனியாறு கடலை நோக்கி நகர்ந்துகொண்டே இருக்கும். பௌதிலியோவும் அதற்குள் நகர்ந்துகொண்டிருக்கிறான். சாப்பாட்டு மேஜையில் அவன் இடம் காலியாகவே கிடந்தது. எலெயுத்தேரியோ முன்னைவிடவும் ஊமையானான்.

அந்தக் குளிர்காலக் கடைசியில் குடிலைப் பார்த்துவர ஆள் தேவைப்பட்டது. கூட வர வேண்டிய ஃபெரேய்ராவுக்குக் காய்ச்சல். தனியாகப் போகக் கூடாதுதான். ஆனால் வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்ததால் தளபதி அனுமதித்தார். அந்த வானத்தை நம்பினவன் எவன் உருப்பட்டான்? எலெயுத்தேரியோ பனியாற்றைச் சுற்றிக் கடந்து குடிலைத் தொடும் நேரம், உள்நிலத்து உயரத்திலிருந்து காற்று இறங்கியது. நாய்கள் பனிக்குள் சுருண்டுகொண்டன. அவன் கதவைத் தோளால் தள்ளி உள்ளே விழுந்தான்.

அடுப்பு தயாராக இருந்தது. சுள்ளிகள் வீடு கட்டினாற்போல் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கியிருந்தன. பௌதிலியோவைத் தவிர வேறு யாரும் இவ்வளவு மெனக்கெட மாட்டார்கள். அவனுக்குப் பின் அங்கே யாரும் வரவில்லை. அவன் கைபட்டதென்று உலகத்தில் மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். அதைக் கொளுத்த எலெயுத்தேரியோவுக்கு மனம் வரவில்லை. தூங்கும் பையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, தாக்குப்பிடித்துவிடலாம் என்று உட்கார்ந்தான்.

வானொலியில் தளபதி கூப்பிட்டார்.

"வில்தே, அடுப்பப் பத்த வச்சியா?"

"இன்னும் இல்லீங்க."

"ஏன்?"

அவன் அந்தச் சுள்ளி அடுக்கையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"உன் பேச்சு குழறுது வில்தே. பத்த வை. இன்னொருத்தனையும் இந்தப் பனிக்கு என்னால குடுக்க முடியாது."

எழுந்தான். கால்கள் தன்னுடையவை போலவே இல்லை. வலப்பக்கப் பலகையைத் தடவினான். தீப்பெட்டி இல்லை. கீழே விழுந்திருக்குமோ என்று தரையெல்லாம் துழாவினான். இல்லை. இப்போதுதான் அவனுக்கு உண்மையாகவே பயம் வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தவனின் இடது கையில் ஏதோ இடறியது.

அடுப்பின் இடப்பக்கம், கைக்கெட்டும் உயரத்தில், தீப்பெட்டி பலகையில் ஆணியடிக்கப்பட்டிருந்தது. உரசும் பக்கம் வெளியே. குச்சி ஒன்று பாதி நீட்டியபடி. பிடிக்க ஒரு கை, உரச ஒரு கை என்று வேண்டாம். இடது கை ஒன்றே போதும்.

யாரோ ஒருவனுக்காக அடுக்கியதல்ல அது. கை ஆறி, அடுத்து வரப்போகிறவன் இவன்தான் என்று பௌதிலியோ நினைத்து வைத்தது. எலெயுத்தேரியோ சுவரில் நெற்றியை முட்டி, வாய்விட்டு அழுதான்.

"செத்தும் தொணதொணக்கிறியேடா, பாவி," என்றான். பிறகு குச்சியை உருவி உரசினான்.

சுள்ளிவீடு சடசடவென்று எரிந்தது. அவன் ஒருத்தனுக்கு மட்டும் மாத்தே இலைத் தேநீர் காய்ச்சிக் குடித்தான்.

காற்று அடங்கியதும் வழக்கப்படி அடுப்பை அடுக்கினான். அடுத்து வருகிறவனுக்கு இரண்டு கையும் இருக்கும். ஆணியைப் பிடுங்கி, தீப்பெட்டியை வலப்பக்கப் பலகையில் வைத்துவிட்டுக் கிளம்பினான்.

பணி முடிந்து, சொந்த மேட்டுக்கே திரும்பித் தனியாகத்தான் வாழ்ந்தான். அவன் வீட்டு அடுப்புக்கு இடப்பக்கம், சுவரில் ஒரு தீப்பெட்டி ஆணியடித்திருந்தது. படுக்கப் போகுமுன் அவனே ஒரு குச்சியைப் பாதி இழுத்து வைப்பான். வேறு யார் வைப்பார்கள்? ஆனாலும் விடிந்து எழுந்து பார்க்கும்போது, ஒரு கணம், வேறு யாரோ வைத்துவிட்டுப் போனது போலிருக்கும் என்று ஃபெரேய்ராவிடம் ஒருமுறை சொல்லியிருக்கிறான். அவன் வாயிலிருந்து வந்த மிக நீளமான பேச்சு அதுதான்.