கொடிகாமம் சந்தையில் இரண்டு சொல்லை வெட்டினோம்

இன்று காலை, கொடிகாமம் சந்தை வாசலில், எங்கள் மேசைக்கு முன்னால் ஒரு வரிசை!

கையெழுத்து வாங்கப் போன இடத்தில் வரிசை என்றால் நம்பவா முடியும்? (சென்ற கிழமை சண்டிலிப்பாயில் காலை முழுவதும் இருந்து பன்னிரண்டு கையெழுத்து. அதில் இரண்டு எங்களுடையது.)

விஷயம் இதுதான்.

பணக்கார நாடுகள் காலங்காலமாக விட்ட புகையால் பூமி சூடாகி, மழை பருவம் தப்பிக் கொட்டுகிறது. அழிந்த பயிருக்கு அந்த நாடுகள் நட்டஈடு தர வேண்டும், அதையும் கடனாகத் தரக்கூடாது என்று நாங்கள் ஆறு பேர் ஊர் ஊராகக் கையெழுத்து வாங்குகிறோம். தாள்கள் நாளைக்குக் கொழும்பு போய்ச் சேர வேண்டும்.

இன்றுதான் கடைசி நாள். கையெழுத்து விழுந்த தாள்களின் கட்டோ மெலிந்து கிடந்தது.

வரிசையில் முதல் ஆள் சாந்தி அக்கா. மீசாலையில் தோட்டம், சந்தையில் மரக்கறி வியாபாரம்.

"தங்கச்சி, அடையாள அட்டைக் கொப்பியோடை பாங்க் புத்தகத்தின்ரை கொப்பியும் கொண்டந்தனான். இவ்வளவும் காணுமோ, இன்னும் வேணுமோ?"

"ஏன் அக்கா அதெல்லாம்?"

"நிவாரணப் பதிவுக்குத்தானே!"

எனக்குத் திக்கென்றது.

பிழை எங்களுடையதுதான். பனரில் 'பயிரழிவுக்கு நட்டஈடு' என்று பெரிதாக அடித்திருந்தோம். எங்கள் ஊரில் ஒரு மேசை, ஒரு படிவம், நட்டஈடு என்ற சொல், மூன்றும் ஒன்றாகக் கண்ணில் பட்டால் யாரும் மேலே வாசிக்க மாட்டார்கள். நேரே போட்டோகொப்பிக் கடைக்குத்தான் ஓடுவார்கள்! (கடைக்கார அண்ணை காலையிலிருந்து எங்களைப் பார்த்துச் சிரித்த காரணம் அப்போதுதான் விளங்கியது.)

கூட வந்த கஜன் காதுக்குள் சொன்னான்: "அக்கா, இப்ப வாய் திறக்காதையுங்கோ. கையெழுத்தை வாங்கிப்போட்டுச் சொல்லுவம்."

பொய் சொல்லவில்லை, ஒரு நிமிஷம் எனக்கும் ஆசைதான்.

ஆனால் இந்தச் சனம் என்னவென்று தெரியாமல் வைத்த கையெழுத்துகள் போதாதா? கதிரையில் ஏறி நின்று சொன்னேன்.

"நாங்கள் ஒண்டும் தரேல்லை. தரச்சொல்லிக் கேக்கிறம். கேட்டாலும் கிடைக்குமெண்டு சொல்லேலாது!"

பாதி வரிசை கலைந்தது. "இதைச் சொல்லவோ இவ்வளவு நேரம் வெயிலுக்கை வைச்சிருந்தனீங்கள்?" என்று ஒருவர் திட்டிவிட்டுப் போனார்.

சாந்தி அக்கா போகவில்லை.

"தாளைத் தாங்கோ பாப்பம்."

சத்தமாக வாசித்தார். கடைசி வரி 'மிகவும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கின்றோம்'. அங்கே நின்றுவிட்டார்.

"ஆர் எழுதினது?"

"நான்தான் அக்கா." (கந்தோர் வேலையில் பதினைந்து வருஷம் கடிதம் எழுதிய கை. மனு என்றால் தாழ்மை தானாக வந்து விழும்!)

"மாசியிலை பேஞ்ச மழையிலை என்ரை மிளகாய்க் கண்டு முழுக்க அழுகிப்போச்சு. புகையை விட்டது அவையள் எண்டு நீங்கள்தானே எழுதியிருக்கிறியள்?"

"ஓம்."

"பிறகு நாங்கள் ஏன் தாழ வேணும்?"



என் கையிலிருந்த பேனையை வாங்கி, 'மிகவும் தாழ்மையுடன்' இரண்டையும் ஒரே இழுப்பில் வெட்டினார். பிறகு கீழே தன் முழுப்பெயரையும் எழுதிக் கையெழுத்து வைத்தார்.

பின்னால் நின்றவர் எட்டிப் பார்த்தார். "எனக்கும் வெட்டின தாள்தான் வேணும்!"

கலைந்து போனவர்களில் சிலர் என்ன சத்தம் என்று பார்க்க வந்து, வாசித்து, கையெழுத்தும் வைத்தார்கள். கஜனும் நானும் அடிமட்டம் வைத்துக் கோடிழுத்து, கையெழுத்து விழாத மிச்சத் தாள்களிலெல்லாம் அந்த இரண்டு சொல்லையும் வெட்டினோம். மத்தியானம் வரை அதுதான் வேலை. எனக்கு இப்படிச் சந்தோஷமாகக் கை வலித்ததே இல்லை!

வீட்டுக்கு வந்து இன்றைய தாள்களைப் படமெடுத்து வட்ஸ்அப்பில் போட்டேன். உடனே கொழும்பில் தாள்களைச் சேர்க்கும் அண்ணை அழைத்தார்.

"பிள்ளை, என்ன எல்லாத்திலையும் கிறுக்கிக் கிடக்கு? வடிவாப் புதுசா ஒரு பிரிண்ட் எடுத்து, திரும்பக் கையெழுத்து வாங்கேலாதோ?"

"ஏலாது அண்ணை. இது இவையள் வாசிச்சுப்போட்டு வைச்ச கையெழுத்து."