மாமி படித்த தமிழ்

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்த ஆண்தான் பெண் வீட்டுக்குப் போய் இருப்பான். வீடு மகளுக்கு, அதைச் சுற்றிய வளவும் மகளுக்கு. மகனுக்குக் கிடைப்பது மாமியார் வீட்டுச் சோறு. இந்த நியாயத்தைத் தலைகீழாக்கியவர் என் மாமா, அம்மாவின் தம்பி. ரெயில் பாதை போடும் வேலைக்கென்று பொலன்னறுவைப் பக்கம் போனவர், சில வருடம் கழித்து ஒரு சிங்களப் பெண்ணையும் கைக்குழந்தையையும் தோணியில் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடந்து எங்கள் வளவுக்கு வந்து சேர்ந்தார். அவளுக்குத் தாய் தகப்பன் இல்லை, வீடு இல்லை. தமிழில் ஒரு சொல்லும் தெரியாது.

“பாஷை பிடிபட்டா எல்லாம் சரியாப் போகும்,” என்று மாமா அம்மாவிடம் சொன்னார். மாமியிடமும் அதையேதான் அவளுடைய பாஷையில் சொல்லியிருக்க வேண்டும். பாவி, அவள் அதை நம்பிவிட்டாள்.

சொல்லிக் கொடுக்க அகப்பட்டவள் நான். பெரியவர்களுக்கு வேலை இருந்தது, ஏழு வயதுக்காரி எனக்கு வாய் இருந்தது. நண்டைக் காட்டுவேன், நண்டு என்பாள். தோணியைக் காட்டுவேன், தோணி என்பாள். நான் முதன்முதலில் கற்றுக்கொடுத்த பாடம், வீட்டைவிட்டுப் புறப்படும்போது ‘போறன்’ என்று சொல்லக்கூடாது என்பது. திரும்பி வராதவர்கள்தான் அப்படிச் சொல்வார்கள். கிணற்றடிக்குப் போனாலும் ‘போயிட்டு வாறன்’ என்றுதான் சொல்ல வேண்டும். மாமி இதில் ஒருநாளும் பிசகியதில்லை. கோழிக்குத் தவிடு வைக்கப் போகும்போதுகூடச் சொல்லிவிட்டுத்தான் போவாள்.

என்னிடம் படித்ததில் ஒரு சங்கடமும் நேர்ந்தது. நான் அழைக்கிறபடியே எல்லாரையும் அழைத்தாள். என் அம்மாவை ‘அம்மா’ என்றாள், கட்டின புருஷனை ‘மாமா’ என்றாள். கிணற்றடியில் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை.

“நான் உனக்கு மச்சாள், புள்ள. மச்சாள் எண்டு கூப்பிடு.”

அன்று முழுவதும் மாமி காரணமே இல்லாமல் “மச்சாள், மச்சாள்” என்று கூப்பிட்டுக்கொண்டு திரிந்தாள்.

மகன் ஓடித் திரியத் தொடங்கிய காலத்தில், மீன்காரியோடு சண்டை பிடிக்கும் அளவுக்கு அவளுக்குத் தமிழ் வந்துவிட்டது. முதுகுக்குப் பின்னால் பேசுவதும் விளங்கத் தொடங்கியிருக்கும். அதைப் பற்றி அவள் என்னிடம் ஒன்றும் கேட்டதில்லை.

வைகாசியில் அம்மன் கோயில் சடங்கு வந்தது. பூசை முடிந்ததும், கோயிலை நடத்தும் வண்ணக்கர் ஊரிலுள்ள குடிகளை, அதாவது வம்சங்களை, ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி அழைப்பார். அந்தக் குடிக்குரிய ஆண்பிள்ளை போய், வெற்றிலையும் பழமும் வைத்த காளாஞ்சியை வாங்க வேண்டும். எங்கள் வீட்டில் வழக்கமாக வாங்குகிறவன் என் அண்ணன். அந்த வருடம் எங்கள் குடியின் பெயர் கேட்டதும் அண்ணன் எழும்புவதற்குள், வெள்ளை வேட்டி சுற்றிய மாமியின் மகன் கூட்டத்துக்கு நடுவே நடந்து போனான். பெண்கள் பக்கத்திலிருந்து மாமிதான் அவனை அனுப்பியிருந்தாள்.

வண்ணக்கர் தட்டைக் கொடுக்கவில்லை. “இந்தப் புள்ளட தாய் என்ன குடி?” என்று கேட்டார்.

ஆண்கள் பக்கம் நின்ற மாமா நிலத்தைப் பார்த்தார். மாமி எழுந்து நின்றாள்.

“நான்தான் தாய். எனக்குக் குடி இல்ல ஐயா. என்ட புள்ளைக்குத் தகப்பன்ட குடியக் குடுங்க. நாங்க இந்த ஊர்தான்.”

ஒரு சொல்லும் தடுமாறவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. வண்ணக்கரும் கெட்ட மனிதர் அல்ல, அவர் குரலில் இரக்கம்தான் இருந்தது.

“நல்லாத் தமிழ் கதைக்கிறாய் மகள். ஆனா குடி தாய்ட வயித்து வழியா வாறது. அதப் படிச்செடுக்க ஒண்ணாது.”

அண்ணன் போய்க் காளாஞ்சியை வாங்கி வந்தான். அம்மா அதிலிருந்த பழத்தை உரித்து மாமியின் மகனுக்குக் கொடுத்தாள். அவன் கன்னம் புடைக்கத் தின்றான். பழம் கிடைத்துவிட்டதே, பிறகு மாமி ஏன் அப்படி இருக்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை.

அதன் பிறகு மாமி தமிழ் பேசவில்லை. மகனோடு சிங்களத்தில் பேசினாள். மற்றவர்களுக்குத் தலையை ஆட்டினாள். நான் நண்டைக் காட்டினேன். பார்த்துக்கொண்டு சும்மா இருந்தாள். தோணியைக் காட்டினேன். அதற்கும் சும்மா இருந்தாள்.

“மாமிக்குத் தமிழ் மறந்து போச்சும்மா,” என்று அழுதேன். இவ்வளவு பாடுபட்டுச் சொல்லிக் கொடுத்ததெல்லாம் வீணாகிவிட்டதே என்ற ஆத்திரம் எனக்கு. அம்மா என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

மழைக்கு முன் ஒரு காலையில் மாமா மாமியையும் மகனையும் தோணித் துறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அவளுடைய ஊர்ப் பக்கமே போய் இருக்கப் போகிறார்களாம். அம்மா தண்ணீருக்குள் முழங்கால் அளவு இறங்கி நின்று, “போயிட்டு வா புள்ள,” என்றாள்.

தோணி நகர்ந்தது. மாமி திரும்பினாள்.

“போறன் மச்சாள்,” என்றாள்.

தமிழ் திரும்பி வந்துவிட்டது என்று நான் துள்ளினேன். முதல் பாடத்தையே மறந்துவிட்டாளே என்று கோபமும் வந்தது. கரையோரம் ஓடி ஓடிக் கத்தினேன்: “போயிட்டு வாறன் எண்டு சொல்லணும் மாமி! போயிட்டு வாறன்!”

அவள் கடைசிவரை அதைத் திருத்திச் சொல்லவில்லை.