சொன்ன மாதிரிதான் தச்சேன்

ப்ளவுஸ் தைக்கறது சுலபம். என்ன ப்ளவுஸ் வேணும்னு கேட்டுத் தெரிஞ்சுக்கறதுதான் தொழிலு.

விழுப்புரத்துல ஒரு கடையில ஆறு வருஷம் மிஷின் மிதிச்சேன். அப்புறம் திண்டிவனத்துல பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி சந்துல சொந்தமா கடை போட்டு பன்னெண்டு வருஷம் ஆவுது. கொக்கி வைக்கவும் எம்மிங் பண்ணவும் ராஜேஸ்வரின்னு ஒருத்தி கூட இருக்கா. ஊசியும் நூலுமா காலம் தள்ற உங்களுக்கெல்லாம் நான் புதுசா ஒண்ணும் சொல்லிடப் போறதில்ல. 'சொன்ன மாதிரிதானேம்மா தச்சிருக்கேன்'னு தொண்டத் தண்ணி வத்தக் கத்தாத டெய்லர் யாராவது இருந்தா கை தூக்குங்க பாப்போம். நான் கத்தின கத்துல ஒரு அம்மா, பெத்த பொண்ணு கல்யாணத்துக்கே போவாம இருந்திருப்பாங்க. அத கடைசியில சொல்றேன்.

கொஞ்சம்னா எவ்ளோ?

மயிலத்துலேர்ந்து ஒரு காலேஜ் பொண்ணும் அவங்க அம்மாவும் வந்தாங்க. "பின் கழுத்து கொஞ்சம் எறக்கி வைங்கக்கா"ன்னுச்சு பொண்ணு. "ஆமா, கொஞ்சம் எறக்கி வையி"ன்னாங்க அம்மா. ரெண்டு பேரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னாங்க. ஒருத்தர ஒருத்தர் பாத்து தலைய வேற ஆட்டிக்கினாங்க. எனக்கோ சந்தோஷம், அம்மாவும் பொண்ணும் இவ்ளோ ஒத்துமையா இருக்காங்களேன்னு.

பொண்ணு மனசுல இருந்தது ஒம்பது இன்ச். அம்மா மனசுல இருந்தது அஞ்சு. நான் ஏழு வெட்டினேன். வாங்க வந்த அன்னிக்கு, "இது என்னக்கா, ஸ்கூல் யூனிபாரமா?"ன்னு பொண்ணு மூஞ்சியத் தூக்கிக்கிச்சு. "ஐயய்யோ, முதுகு பூராத் தெரியுதே"ன்னு அம்மா வாயில கை வச்சாங்க. ஒரே ப்ளவுஸ்தான் சாமி! சண்டையெல்லாம் முடிஞ்சு படி எறங்கும்போது அந்தப் பொண்ணு திரும்பி நின்னு கேட்டுச்சு: "நாங்க ரெண்டு பேருமே தெளிவாத்தானேக்கா சொன்னோம்?"

கையெழுத்து நோட்டு

இனிமே இந்த வம்பே வேணாம்னு ஒரு நீள நோட்டு வாங்கிப் போட்டேன். ஆளுக்கு ஒரு பக்கம். மேல அளவு, கீழ 'குறிப்பு'ன்னு ஒரு கட்டம், அதுக்கும் கீழ கையெழுத்து. "ஏன்க்கா, பத்திரம் பதியப் போறியா?"ன்னு ராஜேஸ்வரி சிரிச்சா. சிரிக்கட்டும்னு விட்டுட்டேன்.

அந்த நோட்டு ரொம்பப் புடிச்சது ஒரு டீச்சரம்மாவுக்கு. பேனாவ என் கையிலேர்ந்து வாங்கி, கட்டத்தையும் தாண்டி முழுப் பக்கம் அவங்களே எழுதினாங்க. கை முழங்கைக்கு ரெண்டு விரக்கடை மேல, பானைக் கழுத்து, மாம்பழக் கலர் பைப்பிங், முதுகுல நாடா, நாடாவுல ரெண்டு குஞ்சம். நானும் ஒவ்வொரு வரிக்கும் பென்சில்ல டிக் போட்டுக்கினே தச்சேன். போட்டுப் பாத்தாங்க. கண்ணாடியில முன்னால பாத்தாங்க, திரும்பிப் பின்னால பாத்தாங்க, நோட்டை வாங்கி அவங்க எழுதினதையும் ஒரு தடவை படிச்சாங்க. நல்ல மனுஷி, சண்டை போடல. பெருமூச்சு விட்டுட்டுச் சொன்னாங்க: "நான் எழுதினது எல்லாம் இதுல இருக்குது. நான் நெனச்சதுதான் இல்ல."

டர்ர்ர்

வானூர் பக்கம் பில்டிங் வேலைக்கு வந்த வடநாட்டுப் பொண்ணு ஒண்ணு, ஊதாத் துணியோட வந்து நின்னுச்சு. அதுக்குத் தமிழ் வராது, எனக்கு ஹிந்தி வராது. நோட்டைத் தொறந்து வச்சிக்கினு முழிச்சேன். அந்தப் பொண்ணு கொஞ்சம் யோசிச்சிட்டு, குனிஞ்சு, இல்லாத கலவைச் சட்டியைத் தூக்கி ரெண்டு கையாலயும் தலையில வச்சுது. வச்சிட்டு அக்குளைக் காட்டி, "டர்ர்ர்"னுச்சு. ரெண்டு பக்கமும்.

கலவை தூக்கும்போதெல்லாம் கைக்குழி கிழியுது, அவ்ளோதான். கைக்குழிக்குக் கீழ டைமண்ட் மாதிரி ஒரு துண்டு ஒட்டுப் போட்டுத் தச்சுக் குடுத்தேன். போட்டுக்கினு வெளிய வந்து, ரெண்டு கையையும் மேல தூக்கிப் பாத்துட்டு சிரிச்சுது பாருங்க! நடு ஷாப்புல நானும் சேர்ந்து கையத் தூக்கிக்கினு நின்னேன். ராஜேஸ்வரி கொக்கியில இருந்து கண்ண எடுக்காமச் சொன்னா: "பாத்தியாக்கா, பேசத் தெரிஞ்சதுங்கதான் நம்மள பேஜாரு பண்ணுதுங்க."

பிலோமினா அக்கா

அக்காவோட நெசப் பேரு இது இல்ல. "எழுதறதுன்னா எழுதிக்கோ, பேர மட்டும் மாத்திடு"ன்னு அவங்களே சொன்னதால எழுதறேன். மயிலத்துக்குப் பக்கத்துல கிராமம். பத்து வருஷமா என்கிட்டதான் தைக்கறாங்க. நடுவுல ஒரு வருஷம் ஆளையே காணோம். அப்புறம் ஒரு செவ்வாக்கெழமை மத்தியானம் பட்டுத் துணியோட வந்தாங்க. ஒரே பொண்ணுக்கு விழுப்புரத்துல கல்யாணம். ஆள் பாதியா எளச்சிருந்தாங்க. தலையில முந்தானைய முக்காடா போட்டிருந்தாங்க. மாதா கோயிலுக்குப் போனா அவங்க வழக்கமாப் போடறதுதானே, நேரா அங்கேர்ந்து வர்றாங்கன்னு நெனச்சிக்கினேன். "பூசை முடிச்சிட்டு வர்றீங்களாக்கா?"ன்னேன். "ஆமாம்மா"ன்னாங்க. செவ்வாக்கெழமை மத்தியானம் எந்தக் கோயில்ல பூசைன்னு என் மரமண்டைக்குத் தோணல.

அளவெடுக்க டேப்பை எடுத்தேன். ரெண்டடி பின்னால போயிட்டாங்க. "பழைய ப்ளவுஸ் எடுத்தாந்திருக்கேன் செல்வி, அத அளவா வச்சே தச்சிடு." அளவு ப்ளவுஸ் குடுத்துட்டா அதுக்கு மேல நம்ம பேச மாட்டோம், தெரியுமே உங்களுக்கு. எளச்சிருக்காங்களேன்னு ரெண்டு பக்கமும் ஒரே சீரா அரை இன்ச் பிடிச்சேன். நாளைக்கு ஒடம்பு தேறினா பிரிச்சிக்கட்டும்னு உள்ள துணியும் விட்டேன். நோட்டுல 'அளவு ப்ளவுஸ் மாதிரி'ன்னு எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கினேன்.

வாங்கிக்கினு போனவங்க நாலாம் நாள் திரும்பி வந்தாங்க. "இடது பக்கம் கொஞ்சம் பாரும்மா." என்ன பாக்கறதுன்னு கேட்டா பதில் இல்ல. போட்டுக் காட்டுங்கன்னா வேணாங்கறாங்க. கடையில ரெண்டு பேர் காத்துக்கினு இருக்காங்க. எனக்குக் கோவம் பொத்துக்கினு வந்துடுச்சு. நோட்டை விரிச்சு, "சொன்ன மாதிரிதானேக்கா தச்சிருக்கேன்? என்ன கொறைன்னு வாயத் தொறந்து சொன்னாத்தானே தெரியும்?"னு கத்திட்டேன். அக்கா என்னையே பாத்தாங்க. ப்ளவுஸை மேசை மேல வச்சாங்க. எறங்கும்போது மெதுவாச் சொன்னாங்க: "கல்யாணத்த அவங்க அப்பா நின்னு நடத்திக்குவாரு. நான் போவலைன்னா ஒண்ணும் கொறஞ்சிடாது."

ஊக்கு குத்தின கைக்குட்டை

மடிச்சு வைக்கலாம்னு ராஜேஸ்வரி அந்த ப்ளவுஸை எடுத்தா. உள்ள ஏதோ தட்டுப்படுதேன்னு திருப்பினா. இடது பக்கம் லைனிங்ல ஒரு ஆம்பளக் கைக்குட்டை, எட்டா மடிச்சு, மூணு ஊக்கு குத்தியிருந்துச்சு. ஆபரேஷன்ல எடுத்துட்ட மாரோட எடத்த, கைக்குட்டைய வச்சு நெரப்பிப் பாத்திருக்காங்க. முக்காடு, எளப்பு, டேப்பைப் பாத்துப் பின்னால போனது, ஒரு வருஷம் காணாம இருந்தது, எல்லாம் அப்பத்தான் புரிஞ்சுது. பாவி நான், நாலு பேர் முன்னாடி வாயத் தொறந்து சொல்லுன்னு கேட்டிருக்கேன். தேம்பித் தேம்பி அழுதேன். ராஜேஸ்வரி எழுந்து ஷட்டரைப் பாதி எறக்கிட்டா.

மறுநாள் பஸ் ஏறினேன். வழியெல்லாம் என்ன பேசறதுன்னு ஒத்திகை பாத்தேன். 'மன்னிச்சிடுங்க'ன்னா அது பத்தாது. 'ஒடம்பு எப்படி இருக்குது'ன்னா அவங்களுக்கு முன்னாடி நான் அழுதுடுவேன். எறங்கற வரைக்கும் ஒரு வார்த்தை அமையல. அக்கா வாசல்ல மல்லாட்டை ஒடைச்சு, கடலைய முறத்துல போட்டுக்கினு இருந்தாங்க. நான் நின்னேன். என் கழுத்துல தொங்கின டேப்பைப் பாத்தாங்க. முறத்த ஓரமா வச்சிட்டு உள்ள போனாங்க, நானும் போனேன். கதவைச் சாத்திட்டு முக்காட்டை எடுத்தாங்க. முடி அப்பத்தான் மொளச்சிக்கினு இருந்துச்சு. வலது பக்கத்துக்கு ஒரு அளவு, இடது பக்கத்துக்கு ஒரு அளவு எடுத்தேன். ரெண்டு பேருமே ஒண்ணும் பேசல.

பழைய நூல் புடவையில ஒரு பை தச்சு இலவம் பஞ்சு அடைச்சேன். வெறும் பஞ்சுன்னா மேல ஏறிக்கும், அதனால கனத்துக்கு ஒரு பிடி கேப்பை போட்டேன். தழும்பு படற எடத்துல தையலே வராம பாத்துக்கினு, அத லைனிங்குக்குள்ள வச்சு, நானே அவங்க வீட்டுக்கு எடுத்துக்கினு போனேன். போட்டுப் பாத்துட்டு அக்கா கேட்ட முதல் கேள்வி, "மழை கிழை பெஞ்சா கேப்பை மொளச்சிடாதே?" ரெண்டு பேரும் சிரிச்ச சிரிப்புல பொண்ணு ஓடி வந்து கதவைத் தட்டுச்சு.

கல்யாணத்தன்னிக்கு விழுப்புரத்துல, கோயில்ல முதல் வரிசையில நின்னாங்க. பொண்ணு நெத்தியில சிலுவை போட்டாங்க. சாப்பாட்டுப் பந்தியில அவங்க நாத்தனார் ஒருத்தங்க ப்ளவுஸைத் தொட்டுப் பாத்து, "இவ்ளோ கச்சிதமா வந்திருக்குதே, என்னான்னு சொல்லித் தைக்கக் குடுத்தீங்க?"ன்னாங்க. நான் தலையக் குனிஞ்சு அப்பளத்த நொறுக்கிக்கினு இருந்தேன். அக்கா என்னைப் பாத்துக்கினே சொன்னாங்க: "நான் ஒண்ணும் சொல்லலடி. சொல்லியிருந்தா இவ கெடுத்திருப்பா."

பதினெட்டு வருஷமா டேப்பைக் கழுத்துல மாட்டிக்கினு ஊரையே அளந்தாச்சு, ஆனா ஒருத்தர் சொல்றதுக்கும் நெனக்கிறதுக்கும் நடுவுல எத்தன இன்ச் துணி விடணும்னு மட்டும் எனக்கு இன்னும் பிடிபடல.