வெள்ளத்துரை பார்த்த மீன்கொத்தி

சங்கரன்கோவில் பக்கத்தில் எங்கள் ஊர்க் குளத்துக்கு வெள்ளத்துரை இருபது வருஷம் காவல் இருந்தார். பருத்திக்கு எண்டிரின் பூச்சிமருந்து அடித்துவிட்டு, டப்பாவை வாய்க்காலிலேயே அலசிப் போடுகிற புண்ணியவான்கள் பெருகிய காலம் அது. ஐப்பசியில் புதுத்தண்ணீர் வந்தால், அவர் சொல்லாமல் யாரும் மாட்டை இறக்க மாட்டார்கள்.

தண்ணீர் நல்லது என்பதற்கு அவருக்கு அத்தாட்சி மீன்கொத்தி. அதிலும் சின்னது மட்டும். குருவி அளவுதான் இருக்கும். மீனை நம்பிப் பிழைப்பது. மீன் செத்தால் இடத்தைக் காலி செய்துவிடும். வெள்ளை மார்பும் காப்பிக்கொட்டை நிறத் தலையுமான பெரியதை அவர் மதிப்பதேயில்லை.

"அது வெட்டுக்கிளி, ஓணான்னு தின்னுட்டுக் கெடக்கும். கொளம் நாசமாப் போனாலும் கரையிலதான் இருக்கும்" என்பார். முதுகு மட்டும் இரண்டுக்கும் நீலம்.

1980ஆம் வருஷம் அவர் கண்ணில் புரை விழுந்திருந்தது. தெரிந்தால் காவல் வேறு ஆளுக்குப் போய்விடும் என்று, சங்கரன்கோவிலில் கண் முகாம் போட்டபோதும் போகவில்லை. வீம்பு.

அந்த ஐப்பசியில் ஒரு காலை, முத்துத்தாய் தன் சினை எருமையோடு கரைக்கு வந்தாள். புருஷன் இல்லாத அவளுக்கு அந்த எருமைதான் சோறு. விடிந்ததிலிருந்து குளம் சத்தமில்லாமல் கிடந்தது, தவளைகூடக் கத்தவில்லை. இறக்கலாமா என்று கேட்டாள். வெள்ளத்துரை கருவேல மரத்தைப் பார்த்தார். கிளையில் நீலமாக ஏதோ தெரிந்தது. இறக்கச் சொன்னார்.

எருமை முழங்கால் தண்ணீரில் நின்று குனிந்தது. அப்போது கிளையிலிருந்த பறவை கத்தியது. சின்னது ஒரு கீச்சு கீச்சிட்டுப் போய்விடும். இது ஊரைக் கூட்டுவது போல விடாமல் கத்தியது. பெரியதேதான்.

சத்தத்திலேயே வெள்ளத்துரைக்குப் புரிந்துவிட்டது. வாயைத் திறந்தால் கண் போன கதை வெளியே வரும். இரண்டு இழுப்பு பீடி இழுக்கிற நேரம் பேசாமல் நின்றார். பிறகுதான் சொன்னார்: "முத்து, மாட்ட ஏத்து தாயி. எனக்குக் கண்ணு தெரியல."

அவள் கயிற்றை இழுத்தபோது எருமை குடித்து முடித்துத் தலையைத் தூக்கியிருந்தது. சாயந்தரம் நுரை தள்ளி, கால் வெட்டி இழுத்துச் செத்தது. எதிர்க்கரையில் மீன்கள் செத்து ஒதுங்கியிருந்ததை ஆட்கள் அப்புறம்தான் பார்த்தார்கள்.

கண் போனதற்கு அவரை நான் குறை சொல்லவில்லை. பேசாமல் நின்ற அந்த நேரத்தைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. முத்துத்தாய் அதைக்கூடக் கேட்கவில்லை.

"கண்ணு தெரியலைன்னு முன்னாலயே சொல்லியிருந்தா, எந்தப் பறவைன்னு நான் பாத்துச் சொல்லியிருப்பேனே அண்ணாச்சி" என்றாள்.