இரவல் கன்று

போன வாரம் எங்கள் வீட்டு வேப்பங்கன்று பொதுவாழ்வில் இறங்கிவிட்டது.

ஸ்ரீவராகத்தில் எங்கள் தெருவிலும் சுற்றுச்சூழல் தினம் கொண்டாடினார்கள். மைக் செட் வந்தது. சிறப்பு விருந்தினர் பெயர் எழுதிய போர்டு வந்தது. தெருமுனையில் குழியும் தயார். கன்று மட்டும் வரவில்லை... அதற்குச் சொல்லிவைக்க எல்லோரும் மறந்துவிட்டார்கள். மரம் நடும் விழாவில் மரத்தை யாருக்கு ஞாபகம் இருக்கும்?

தெருச் சங்கச் செயலாளர் ஓடி வந்தார். இந்த மலையாள ஊரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர்; பேச்சில் பாதி மலையாளம்.

"சாரே, ஒரு சகாயம் செய்யணும். விருந்தினர் கார் வந்தாச்சு. உங்க வேப்பங்கன்னைத் தாங்க. போட்டோ எடுத்த ஒடனே திருப்பித் தந்துடுவேன், கேட்டோ?"

என் மனைவியின் முகம் மாறியது. திருநெல்வேலியிலிருந்து விதை கொண்டுவந்து அவள் வளர்த்த மூன்றாவது கன்று அது. முதல் இரண்டும் இந்த ஊர் மழையில் அழுகிப்போயின. இதை மட்டும் பழைய எண்ணெய் டின்னில் வைத்து, மழை வலுத்தால் கூடத்துக்குள் தூக்கி வைத்துக் காப்பாற்றி வந்தாள். எனக்குக்கூட அந்த உபசாரம் கிடையாது!

"போட்டோவுக்குத்தானே... குடு" என்றேன்.

விருந்தினர் நட்டார். கைதட்டல். மரங்களைப் பிள்ளைகளைப் போல வளர்க்க வேண்டும் என்று வெகுநேரம் பேசினார் — அவருக்குக் குடை பிடித்திருந்தார்கள். பிள்ளை, தண்ணீர் நிறைந்த குழியில் நனைந்துகொண்டிருந்தது.

கார் போனதும் மனைவி செயலாளரிடம் போனாள்.

"அண்ணாச்சி, கன்னை எடுத்துக்கிடட்டுமா? வேரு அழுகிரும்."

"ஐயோ சேச்சி! வலிய ஆளு நட்டதாக்கும். இனி அது பொதுச்சொத்து. தொட்டா பிரச்னை."

"வளத்தவ நானு. அது வேம்பா புளியான்னாவது நட்டவருக்குத் தெரியுமா?"

செயலாளர் சிரித்து மழுப்பிவிட்டு மைக் செட்டைக் கவனிக்கப் போய்விட்டார். அவளுக்குக் கண் கலங்கியேவிட்டது.

அன்று சாயங்காலமே அவள் மண்வெட்டியோடு கிளம்பினாள். வெளிச்சம் இருக்கும்போதே பொதுச்சொத்துத் திருட்டு! நான் குடை பிடித்தேன். தெருவே பார்த்தது, செயலாளரிடம் மட்டும் ஒருவரும் போய்ச் சொல்லவில்லை. கன்று டின்னுக்குத் திரும்பியது. இலைகள் துவண்டிருந்தன, உயிர் இருந்தது. அவள் முகத்திலும் உயிர் வந்தது.

மறுநாள் ஆட்கள் வந்து, போர்டுக்குப் பக்கத்தில் குழியைச் சுற்றி ஒரு மூங்கில் கூண்டை நிறுத்தினார்கள். ஆளுயரம், நெருக்கமான பின்னல். அதற்குள் எட்டிப் பார்க்கச் செயலாளருக்கு ஏது நேரம்? என்னைக் கண்டதும் பெருமையோடு கூண்டைத் தட்டிக் காட்டினார்.

"கண்டோ சாரே! இனி ஒரு ஆடுகூட இந்தக் கன்னைத் தின்ன முடியாது."

விழா ஆரம்பித்ததிலிருந்து நான் கேட்ட ஒரே உண்மை அதுதான்!