தளபதி வாயால் ஒரு வார்த்தை

என் வீட்டுக்காரர் வீரமலையை ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவே 'தளபதி' என்றுதான் கூப்பிடும். பால் போடுகிறவரும் அப்படித்தான், இஸ்திரிக்காரரும் அப்படித்தான். உண்மையில் இவர் கடற்படையில் ஸ்டூவர்ட். சாப்பாடு பரிமாறி, தட்டெடுத்து, அதிகாரியின் துணிமணியைப் பார்த்துக்கொள்கிற வேலை. இவர் கைப்பக்குவம் ஒரு அதிகாரிக்குப் பிடித்துப்போய், மாற்றலாகிப் போகிற ஊருக்கெல்லாம் இவரையும் கூட்டிக்கொண்டு போனார். கடைசியில் அந்த ஐயாவே நாட்டின் கடற்படைத் தளபதியாகிவிட, இவரும் டெல்லி பங்களாவுக்குப் போனார். அவ்வளவுதான் சங்கதி. காபி கொண்டுபோய் வைத்த மனுஷனுக்கு இங்கே சல்யூட் அடிக்கிறார்கள்.

இவரும் மறுத்துப் பேசமாட்டார், அசட்டுச் சிரிப்பு சிரிப்பார். 'நான் ஸ்டூவர்டுங்க' என்று சொன்னால் வாய் வலிக்குமா? எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மருமகனுக்கு மாற்றல் வேண்டும், பேரனுக்கு சீட்டு வேண்டும் என்று வந்து நிற்பார்கள். டெல்லியில் ஒரு வார்த்தை போடுங்கள் என்பார்கள். ஐயா ஓய்வு பெற்று அவருக்குப் பிறகு வேறு வேறு ஆட்கள் அந்த நாற்காலிக்கு வந்தாயிற்று என்று நான்தான் சொல்லி அனுப்புவேன். என்னைக் கடுகடுப்புக்காரி என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

இவருக்குச் சொந்த ஊர் திருவெள்ளறை. அங்கே எங்கள் வயலுக்கு அடுத்த வயல் சந்திரம்மாளுடையது. புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான், ஒரே மகன் பூவரசன். பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போதெல்லாம் இவர் தளபதி பங்களாவைப் பற்றி அளப்பார். ஐயா ஒரு வார்த்தை சொன்னால் எந்தக் கடலில் நிற்கிற கப்பலும் திரும்பும் என்பார். பையன் வாயைப் பிளந்துகொண்டு கேட்பான். கேட்டவன் கடற்படையிலேயே சேர்ந்தான். தாயோடு எங்கள் வீட்டுக்கு வந்து இவர் காலில் விழுந்துவிட்டுத்தான் கிளம்பினான்.

ஒரு மழைக்காலத்தில் கப்பல் நடுக்கடலில் இருந்தபோது அவனைக் காணவில்லை. அலை அடித்துக்கொண்டு போயிருக்க வேண்டும் என்றார்கள். கப்பல்களும் விமானமும் தேடின. பிறகு தேடுவதை நிறுத்திவிட்டார்கள். இறந்ததாகக் கருதப்படுகிறார் என்று அதிகாரிகள் வீட்டுக்கே வந்து மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். கருதுவது என்றால் என்ன, கருதுகிறவர் யார் என்று கேட்டாளாம் சந்திரம்மாள். 

நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாள். அழவில்லை. காரியம் பண்ணச் சொல்லிப் பங்காளிகள் நச்சரிக்கிறார்களாம். காவிரிக்கரையில் அம்மா மண்டபத்துப் படித்துறையில் உட்காரவைத்து எள்ளும் தண்ணீரும் விடச் சொல்கிறார்களாம். உயிரோடு இருக்கிறவனுக்குத் தாயே எள்ளுத்தண்ணி விடுவதா என்றாள்.

"பெரியவரு சொன்னா நம்புறேண்ணே. கப்பலையெல்லாம் ஆளுறவரு. அவரு வாயால சொல்லட்டும், என் புள்ள செத்துட்டான்னு. நான் போயி படியில உக்காந்துக்கிறேன்."

இவர் ஐயாவின் வீட்டுக்குப் போன் போட்டார். ஐயாவே எடுத்தார். இத்தனை வருஷம் கழித்தும் பேரைச் சொன்னதும் தெரிந்துகொண்டார். சந்திரம்மாள் கேட்டதை இவர் அப்படியே இந்தியில் சொன்னார். சொல்லும்போது எழுந்து விறைப்பாக நின்றார். சந்திரம்மாள் தரையில் உட்கார்ந்து இவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுமுனையில் ஐயா பேசினார். பிறகு இவர் போனைப் பொத்திக்கொண்டு தமிழில் சொன்னார்.

"அந்த வார்த்தையைச் சொல்ற அதிகாரம் இப்ப எனக்கு இல்லேங்கிறாரும்மா. நாற்காலியில இருக்கிறவங்கதான் சொல்லணுமாம். ரொம்ப வருத்தமா இருக்குன்னு சொல்லச் சொல்றாரு."

ஐயாமேல் தப்பில்லை. ஆனாலும் எனக்கு ஆத்திரம்தான். வருத்தப்பட அதிகாரம் வேண்டாம், சொல்ல மட்டும் வேண்டுமாக்கும்.

அப்போது நாற்காலியில் இருந்தவரோடு இவருக்குப் பழக்கமே இல்லை. அதன்பிறகு இவர் வெளியே போவதை விட்டுவிட்டார். தெருவில் யாராவது தளபதி என்று கூப்பிட்டால் உள்ளறைக்குப் போய்விடுவார். 'நான்தான் அவனைக் கடலுக்கு அனுப்பினேன்' என்று சாப்பிடும்போதுகூட முணுமுணுப்பார். இல்லை என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. ஆடி அமாவாசை வந்தது, தை அமாவாசை வந்தது, சந்திரம்மாள் படித்துறைக்குப் போகவில்லை. வீட்டில் அவன் சட்டைகளைத் துவைத்து மடித்து வைத்துக்கொண்டிருக்கிறாள் என்று ஊரில் சொன்னார்கள்.

ஒருநாள் டி.வி.யில் புதிய தளபதி பதவியேற்றதைக் காட்டினார்கள். பழையவர் தன் கையிலிருந்த கோலைக் கொடுத்தார், புதியவர் வாங்கிக்கொண்டார். சாயங்காலத்துக்குள் சந்திரம்மாள் பஸ் பிடித்து வந்துவிட்டாள். நாற்காலியில் இருக்கிறவர் இந்தப் புதியவர்தானே, கேளுங்கள் என்றாள்.

புதியவருக்கு இவர் யாரென்று என்ன தெரியும்? நம்பருக்கு எங்கே போவது? ஆனாலும் இவர் போனை எடுத்தார். ஜன்னலோரம் போய்க் குதிகாலைச் சேர்த்து நின்றார். "எஸ் சார், எஸ் சார்" என்றார். காபி கொடுக்கப் போன நான் பார்த்தேன், போனில் வெளிச்சமே இல்லை. வாயை மூடிக்கொண்டேன். பொய்யாவது அவளைக் கரையேற்றட்டும் என்று ரங்கநாதரை வேண்டிக்கொண்டேன்.

"செத்துட்டான்னு சொல்லிட்டாரும்மா," என்றார் இவர், போனைக் காதிலிருந்து எடுக்காமலே. "அவரே வாயால சொல்லிட்டாரு."

சந்திரம்மாள் என் கையிலிருந்து காபியை வாங்கிக்கொண்டாள்.

"இன்னிக்குத்தானேண்ணே வந்து உக்காந்திருக்காரு. என் புள்ளையப் பத்தி அவருக்கு என்ன தெரியும்? அடுத்தவரு வரட்டும், கேட்டுச் சொல்லுங்க."

காபியைக் குடித்தாள். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். போயிட்டு வரேன் அண்ணி என்று என்னிடம் சொல்லிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினாள்.

இவர் ஜன்னலோரம் அப்படியே நின்றார். அவள் போய்விட்டாள், உட்காருங்கள் என்றேன். இவர் உட்காரவில்லை.